ஷிப்ட் பஸ்ஸுக்காகக் கலந்து வைத்த மருந்து

புதிதாக மருந்து ஆய்வாளர் வேலைக்கு வந்திருக்கும் நண்பர்களுக்கு,

இந்த மாதிரிப் பக்கங்களை வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு இன்னும் தலை நரைக்கவில்லை. முதல் பணியிடத்தை முடித்துக்கொண்டு வேறு மாவட்டத்துக்குப் போகிறேன், அவ்வளவுதான். "பெரியவங்க எழுதினா பயிற்சிக்கு வர்ற பசங்க படிக்க மாட்டாங்க, நீயே எழுது" என்று அலுவலகத்தில் சொன்னார்கள். சரி என்றேன்.

என்னைப் பற்றி ஒரு விஷயம் மட்டும். எங்கள் குடும்பத்தில் மருந்துப் பாட்டிலின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா நெல்லிக்குப்பம் பக்கம் ஆலைக் கரும்பு வெட்டப் போனவர். எங்கள் வீட்டில் மருந்தை நிறத்தால்தான் சொல்வோம். சிவப்பு மருந்து சளிக்கு, மஞ்சள் மருந்து வயிற்றுக்கு. இரண்டும் இல்லாத நிறம் வந்தால் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்வோம். அதனால் லேபிள் என்று வந்துவிட்டால் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சட்டப் பிரிவுகளை வகுப்பில் சொல்லிக் கொடுப்பார்கள். நான் சொல்லப் போவது நெய்வேலி நகரியத்தில் நடந்த ஒரு பிற்பகலைப் பற்றி.

அந்த மழைக்காலத்தில் குழந்தைகளுக்கான ஒரு ஆன்டிபயாடிக் சிரப் சந்தையில் கிடைக்காமல் போனது. பாட்டிலில் தூளாக வரும், தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொடுப்பார்களே, அந்த வகை. பெரியவர்களுக்கான மாத்திரை தாராளமாக இருந்தது. குழந்தைகளுக்கான பாட்டில்தான் இல்லை. மொத்த விற்பனையாளர்களைக் கேட்டால் "அடுத்த வாரம்" என்றார்கள். அடுத்த வாரம் கேட்டாலும் அதையே சொன்னார்கள்.

இப்படிப்பட்ட நேரத்தில் பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவர், டாக்டர் எழுதிய சீட்டுக்கு, சீட்டில் பெயருள்ள குழந்தைக்காக, மாத்திரையைப் பொடித்துத் திரவமாகக் கலந்து கொடுக்கலாம். அதற்கான கருவியும் சுத்தமும் கடையில் இருக்க வேண்டும். ஆனால் யார் வாங்குவார்கள் என்று தெரியாமல் வரிசையாகக் கலந்து அடுக்கி வைத்தால் அதற்குப் பெயர் உற்பத்தி. அதற்கு வேறு உரிமம் வேண்டும். ஒரு பாட்டில் கலக்கத் தெரிந்தவருக்கு ஒரு வரிசை கலக்கத் தெரியாதா என்று உங்களுக்குத் தோன்றும். கடைக்குள் நின்றபோது எனக்கும் ஒரு கணம் தோன்றத்தான் செய்தது.

புகார் தொலைபேசியில் வந்தது. "பஜார்ல ஒரு மெடிக்கல்ல மருந்து காய்ச்சறாங்க சார்." சாராயம் காய்ச்சுவதைச் சொல்கிற குரலிலேயே சொன்னார். புகார் சொல்பவரின் குரலை நம்பிக் கிளம்பாதீர்கள். இடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கடையின் உரிமையாளரும் மருந்தாளுநரும் ஒருவரே. வளர்மதி. நாற்பது வயதைத் தாண்டியவர், குவார்ட்டர்ஸிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா தெற்கத்திப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவராம். நான் அடையாள அட்டையைக் காட்டியதும் பதறவில்லை. "உள்ள வாங்க சார்" என்று கலக்கும் மேசைக்கே அழைத்துப் போனார்.

மேசை பளிச்சென்று இருந்தது. மாத்திரை பொடிக்கும் கல்வம், அளவுக் குடுவை, காய்ச்சி ஆற வைத்த தண்ணீர், ஒவ்வொன்றும் மூடிய நிலையில். கடையில் எடுத்து வைத்திருந்த சீட்டு நகல்களில் குழந்தை மருத்துவர் ஒருவர் "மாத்திரையிலிருந்து தயாரித்துத் தரவும்" என்று எழுதி, எடைக்கேற்ற அளவையும் குறித்திருந்தார். மனதுக்குள் பாராட்டிக்கொண்டுதான் இருந்தேன், மேசைக்குக் கீழே இருந்த தட்டைக் குனிந்து பார்க்கும் வரை.

கலந்து முடித்த பாட்டில்கள் இரண்டு வரிசையாக நின்றன. ஒன்றிலும் பெயர் இல்லை.

"இதெல்லாம் யாருக்கு மேடம்?"

"ரெண்டு மணி பஸ்ஸுக்கு சார்."

"பஸ்ஸுக்கா?"

நெய்வேலிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாது. முதல் ஷிப்ட் முடிந்ததும் சுரங்கத்திலிருந்து வரும் பஸ், பஜார் நிறுத்தத்தில் நின்று கிளம்பிவிடும். ஒரு டீ குடிக்கக்கூட நேரம் போதாது. சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் கான்ட்ராக்ட் ஆட்கள் அந்த இடைவெளியில்தான் ஓடி வந்து மருந்து வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். அதை விட்டால் அந்தப் பக்கம் போக அடுத்த பஸ்ஸுக்கு வெகு நேரம் காத்திருக்க வேண்டும்.

"சீட்டை வாங்கிப் பொடிச்சுக் கலக்க எனக்கு அரை மணி வேணும் சார். பஸ் எனக்காக நிக்குமா? நாளைக்கு வாங்கிக்கறேன்னு அப்பன் ஏறிப் போயிடுவான். புள்ளை ஒரு நாள் பூரா மருந்தில்லாம கிடக்கும். அதான் முன்கூட்டியே கலந்து வச்சுட்டேன்."

"பேர் ஏன் ஒட்டல?"

"ஆளைப் பார்த்து ஒட்டிக் குடுப்பேன்."

"நெரிசல்லயுமா?"

அவர் பொய் சொல்லவில்லை. "நெரிசல்ல சில சமயம் விட்டுப் போயிடும்."

"எப்ப கலந்தது?"

"முன்வரிசை இன்னிக்குக் காலையில. பின்வரிசை..." என்றவர், குனிந்து ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பார்த்தால் தெரியுமா? வெள்ளையாக இருந்தது. எல்லாமே வெள்ளையாகத்தான் இருந்தன. "நேத்தா இருக்கும். இல்ல, அதுக்கு மொத நாளா..."

"ஃப்ரிஜ்ல வைக்கலையா?"

"அதுல இன்சுலின் நிறைஞ்சு கிடக்கு சார்."

இந்த மருந்தில் இரண்டு பொருள் சேர்ந்திருக்கிறது. அதில் ஒன்று தண்ணீர் பட்டதும் தேயத் தொடங்கும். குளிரில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். நெய்வேலி வெக்கையில் வெளியே வைத்தால் சீக்கிரமே வலுவிழக்கும். நிறம் மாறாது, மணம் மாறாது. கிருமிக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும். பெயர் இல்லாத பாட்டிலில் பிறந்த தேதியும் இல்லை. ஒரு சீட்டுக்கு ஒரு பாட்டில் என்ற விதி ஏன் இருக்கிறது என்பதற்கு அந்தப் பின்வரிசையை விட நல்ல பாடம் எனக்கு யாரும் நடத்தியதில்லை.

மேலதிகாரிக்குப் போன் செய்தேன்.

"சீல் வச்சுட்டு வாங்க தம்பி. ஆன்டிபயாடிக் விஷயம். நாளைக்கு ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா பேப்பர்ல உங்க பேரும் என் பேரும்தான் வரும்."

"சார், கடைக்குச் சீல் வச்சா இந்த மருந்தைக் கலந்து குடுக்க இந்த ஊர்ல இப்ப வேற ஆள் இல்ல. சாப்பிட்டுட்டு இருக்கிற குழந்தைங்க பாதியில நின்னுடும்."

"அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"கலந்து வச்ச பாட்டில் எல்லாத்தையும் விற்கக் கூடாதுன்னு முடக்கறேன். ஆய்வகத்துக்கு மாதிரி எடுக்கறேன். முன்கூட்டிக் கலந்ததுக்கு அறிக்கையும் போடறேன். ஆனா சீட்டோட வர்ற குழந்தைக்கு அப்பப்ப கலந்து, பேர் எழுதிக் குடுக்கறதை நிறுத்த மாட்டேன். எழுத்துல தர்றேன் சார்."

"எழுத்துலயா? அப்ப சரி. அதுல என்னை இழுத்து வுடாதீங்க."

நண்பர்களே, உங்கள் முடிவு சரி என்று நம்பினால் "எழுத்தில் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். எதிரே இருப்பவரின் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். அப்படிச் சொல்ல வாய் வரவில்லை என்றால் உங்கள் முடிவை இன்னொரு முறை யோசியுங்கள்.

ஆணையை எழுதிக் கையெழுத்து வாங்கியதும் வளர்மதி கேட்டார், "என்னைக் காப்பாத்துனீங்களா, புடிச்சுக் குடுத்தீங்களா?"

"ரெண்டும்தான் மேடம்."

"நல்லா இருக்கு" என்றார். நல்லா இல்லை என்ற அர்த்தத்தில்.

அடுத்த பிரச்சினை, ஏற்கெனவே வெளியே போன பாட்டில்கள். வாங்கியவர்களில் சிலருடைய முகம் அவருக்கு ஞாபகம் இருந்தது, எல்லோருடையதும் இல்லை. ஆனால் எல்லோரும் ஒரே பஸ்ஸில் வந்தவர்கள். பஸ் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இருவரும் நிறுத்தத்துக்குப் போனோம்.

ஓட்டுநரிடம், கொஞ்சம் கூடுதலாக நிறுத்த முடியுமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "மருந்துக்கடை அக்கா சொல்றாங்களா? அப்ப நிக்கறேன்" என்று எஞ்சினை அணைத்தார். வளர்மதி என் பக்கம் திரும்பி, "இத்தன நாளா இதைக் கேக்கத் தோணலியே எனக்கு" என்றார்.

படியில் ஏறி விஷயத்தைச் சொன்னேன். பேர் ஒட்டாத பாட்டில் வாங்கியவர்கள் கொடுத்துவிட்டு, சீட்டைக் காட்டிப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம். பின் இருக்கையிலிருந்து ஒரு குரல், "இன்னா சார், புள்ளைங்க மருந்துல சரக்கு கிரக்கு கலந்துட்டாங்களா? அதான் எம் பையன் ராத்திரி பூரா பாடிகினு இருந்தானா?" பஸ் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்கிற கூட்டம் அடுத்து நாம் சொல்வதைக் கேட்கும். நாளைக்குப் பாட்டிலோடு வருகிறேன் என்று சிலர் சொன்னார்கள், வீட்டுக்குப் போன் போட்டு "அந்த மருந்தை ஊத்தாதே, சீட்டை எடுத்துகினு வா" என்று சிலர் அப்போதே சொன்னார்கள்.

ஒருவர் மட்டும் இறங்கி வந்து என் எதிரில் நின்றார். ஏழுமலை, முத்தாண்டிக்குப்பத்துக்காரர், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. அவருடைய நான்கு வயதுப் பெண்ணுக்குச் சிறுநீரகத்தில் கிருமி. அது எனக்கு நினைவிருந்தது, கடையில் பார்த்த சீட்டுகளில் ஒன்று அவளுடையது. அரைகுறை மருந்தில் அந்தக் கிருமி தப்பித்தால் சிறுநீரகத்தில் தழும்பு விழலாம், ஆயுசுக்கும் இருக்கும். அந்தப் பிற்பகலில் நான் முடிவு செய்ய வேண்டியிருந்த எல்லாவற்றிலும் பெரியது அவள்தான்.

"நான் குடுக்க மாட்டேங்க" என்றார். "சுரம் வுட்டுப் போச்சு. புள்ள எந்திரிச்சு வெளையாடிகினு கீது. வேலை செய்யற மருந்தை எதுக்குப் புடுங்கறீங்க? மருந்து இல்லாம நான் கடை கடையா அலஞ்சப்ப எங்கங்க இருந்தீங்க நீங்கல்லாம்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் போனால் பேச்சு என்னைப் பற்றியதாகிவிடும். "புதுசு கைக்கு வந்த பிறகு பழசைக் குடுங்க. இப்ப எதுவும் புடுங்கலை. பாட்டில்ல இன்னும் எவ்வளவு இருக்குங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"அடியில கொஞ்சம் கீது."

வளர்மதி நிமிர்ந்தார். "முந்தாநேத்துதானே வாங்கிட்டுப் போனே ஏழுமலை? ஒரு வாரத்துக்கு வர்ற பாட்டில் அது."

ஏழுமலை பஸ்ஸைப் பார்த்தார்.

இந்த மாதிரி இடத்தில் குரலை உயர்த்தினால் கதவு சாத்திக்கொள்ளும். "நான் உங்களைப் புடிக்க வரலைங்க. புள்ளைக்குக் கூட ஊத்தியிருந்தா டாக்டருக்குத் தெரியணும். வேற எங்கயாவது போயிருந்தா எனக்குத் தெரியணும்" என்றேன்.

"கூட எல்லாம் ஊத்தல. பாதியை வேற பாட்டில்ல ஊத்தி சேகருக்குக் குடுத்தேன்." பிறகு, நான் கேட்காமலேயே சொன்னார். "சேகரு என் ரிலீவருங்க. அவன் வந்து நிக்காம நான் மெஷினை வுட்டு எறங்க முடியாது. நான் போயி நிக்காம அவன் எறங்க முடியாது. எம் புள்ளைக்கு முடியலன்னு அவன் எனக்கோசரம் டபுள் ஷிப்ட் நின்னான். அவன் புள்ளைக்கு சுரம், இருமல்ன்னு வந்து நிக்கறப்ப, மருந்து இல்லடான்னு சொல்லுவனா?"

எந்த ஊரில் ஒருவர் ஆன்டிபயாடிக்கைப் பாதியாகப் பங்கு போடுவார்? ஷிப்ட் மாற்றிக்கொள்கிற ஊரில் போடுவார். பெயர் ஒட்டியிருந்தால் ஒருவேளை யோசித்திருப்பார். பெயர் இல்லாத மருந்து யாருடையதும் ஆகலாம்.

வளர்மதிக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் கைகள் வேலைக்குத் தயாராகிவிட்டன. "சார், ரெண்டு பாட்டிலா கலந்துடறேன். ஒண்ணு இவன் பொண்ணுக்கு, ஒண்ணு சேகர் பையனுக்கு. அந்தப் புள்ளையும் பாதியில நிக்கக் கூடாது இல்லயா?"

பஸ் ஜன்னல்களில் எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவர் பொண்ணுக்குக் கலங்க, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு. சேகர் பையனுக்கு வேண்டாம்."

"அதே மருந்துதானே சார்?"

"சீட்டு இல்ல மேடம். அந்தப் பையனை எந்த டாக்டரும் பார்க்கல."

"ரூல்ஸ் பேசறாரு" என்றது பின் இருக்கைக் குரல். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஏழுமலை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்குப் புள்ளைங்க கீதா சார்?"

"இல்லைங்க."

"அதான்."

அந்த ஒரு சொல்லைத் தாங்கிக்கொள்ளப் பழகுங்கள். இந்த வேலையில் அது அடிக்கடி வரும். மணமானவரிடம் ஒரு மாதிரியும் ஆகாதவரிடம் ஒரு மாதிரியும் வரும். நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. "சேகர் வூட்டுல போன் இருக்குங்களா? பையனைத் தூக்கிகினு டாக்டர்கிட்ட வரச் சொல்லுங்க. மிச்சமிருக்கிற மருந்தையும் கொண்டு வரணும். அவங்க வர்ற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்" என்றேன்.

சேகர் அப்போது சுரங்கத்துக்குள் இருந்தார், ஏழுமலை இறங்கிய அதே மெஷினில். ஏழுமலை அவர் மனைவிக்குப் போன் செய்தார். பஸ் கிளம்பியது, ஏழுமலை ஏறவில்லை.

டாக்டரிடம் பேசிவிட்டு வளர்மதி ஏழுமலையின் மகளுக்குக் கலந்தார். டாக்டர் சிறுநீர்ப் பரிசோதனைக்கும் சொல்லியிருந்தார். வீட்டில் ஃப்ரிஜ் கிடையாது என்று தெரிந்ததும், ஒரு வாரத்துக்கு வேண்டாம், இரண்டு நாளைக்கு மட்டும் கலந்து தருகிறேன், தீர்ந்ததும் ஷிப்ட் முடிந்து வரும்போது வாங்கிக்கொள் என்று முடிவு செய்தது வளர்மதிதான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படிக் கலக்க வேண்டும் என்று மருந்தாளுநருக்கு வகுப்பு எடுப்பது நம் வேலை இல்லை. லேபிளில் பெயர், வயது, கலந்த தேதி, முடியும் தேதி எல்லாம் எழுதினார். சீட்டில் "ஏழுமலை மகள்" என்றுதான் இருந்தது. "பேர் சொல்லு" என்றபோது ஏழுமலை "பாப்பான்னு போடுக்கா" என்றார். "பாப்பான்னா ஊர்ல இருக்கிற எல்லாப் பாப்பாவும் குடிக்கும். பேரைச் சொல்லுடா." யாழினி என்று எழுதினார்.

சேகரின் மனைவி ஒரு டிவிஎஸ் வண்டியில், தம்பி ஓட்ட, பையனை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். டாக்டரின் அறை பஜாருக்குப் பக்கத்திலேயே இருந்தது. நாங்கள் வெளியே நின்றோம். ஏழுமலை என் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே வந்த சேகரின் மனைவி கையில் சீட்டு இருந்தது. வளர்மதி அதை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

பையனுக்கு மூச்சு இழுப்பு. கிருமி மருந்தே தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கேயே மெஷினில் மருந்துப் புகை வைத்ததில் மூச்சு கொஞ்சம் இளகியிருந்தது, வீட்டில் உறிஞ்சக் கொடுக்க ஒரு மருந்து எழுதியிருந்தார். அந்த மருந்துக்கு எங்கும் தட்டுப்பாடு இல்லை. வளர்மதியின் தலைக்கு மேலேயே ஓர் அடுக்கு நிறைய இருந்தது. அந்தப் பையன் இரண்டு நாளாக மூச்சுக்குத் திணறிக்கொண்டு, தனக்கு வேண்டாத மருந்தைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறான், அதுவும் அடுத்த குழந்தையின் பங்கிலிருந்து.

இதைச் சொல்வதால், பார்த்தாயா நான் சொன்னதுதான் நடந்தது என்று நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். டாக்டர் அதே ஆன்டிபயாடிக்கை எழுதியிருந்தாலும், சீட்டு வரும்வரை என் பதில் அதேதான். தட்டுப்பாட்டு நேரத்தில் கூட்டம் முழுவதும் ஒரே மருந்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கும். இல்லாத மருந்துதான் எல்லா நோய்க்கும் மருந்து என்று தோன்றும். அந்த நேரத்தில் நோயைப் பற்றிக் கேட்க ஒருவர் வேண்டும். டாக்டர் பக்கத்தில் இல்லாதபோது, "டாக்டர் பார்த்தாரா?" என்று கேட்கிற ஆளாவது வேண்டும். அந்த ஆளாக நிற்கத்தான் நமக்குச் சம்பளம்.

வெளியே போன பாட்டில்கள் அடுத்த சில நாட்களில் அதே பஸ்ஸில் திரும்பி வந்தன. ஆய்வக முடிவில் பின்வரிசைப் பாட்டில்கள் வலு குறைந்திருப்பது உறுதியானது. யாழினியின் பரிசோதனையில் கிருமி இன்னும் மிச்சமிருந்தது. டாக்டர் நாட்களை நீட்டினார். புது மருந்தைத் தவறாமல் கொடுத்து முடித்த பிறகு எடுத்த பரிசோதனை சுத்தமாக வந்தது.

தட்டுப்பாடு தணிந்து கம்பெனிப் பாட்டில்கள் கடைகளுக்கு வந்த பிறகு, என் அறிக்கையின் பேரில் வளர்மதியின் உரிமத்தைச் சில நாட்கள் நிறுத்தி வைத்தார்கள். நான் எழுதியதில் ஒரு வரியையும் மென்மையாக்கவில்லை. அவர் தொடர்ந்து கலந்து கொடுத்ததால் குழந்தைகள் பாதியில் நிற்கவில்லை என்ற வரியையும் விடவில்லை.

அந்த நாட்களில் ஒருநாள் ஏழுமலை எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். யாழினியும் கூட வந்திருந்தாள், மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா கடையை ஏன் சார் மூடுனீங்க? எம் புள்ளைய உசுரோட வச்சிருக்கறதே அந்த அக்காதான்."

"ஆமாங்க. உங்க புள்ளைக்கு வலு இல்லாத பாட்டிலைக் குடுத்ததும் அவங்கதான்."

மகள் உருட்டிய பேப்பர் வெயிட் மேசை விளிம்புக்கு வந்தது, அவர் பிடித்து உள்ளே தள்ளினார்.

"அப்ப ரெண்டுமே உண்மையா சார்?"

"ரெண்டும் உண்மைதாங்க."

"சரி. எப்ப தெறப்பாங்க?"

"திங்கக்கிழமை."

"ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிஞ்சு வந்தா தெறந்திருக்குமில்ல? சேகரு பையனுக்கு அந்த உறிஞ்சற மருந்து தீரப்போவுது. சீட்டு என்கிட்டதான் கீது" என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "டாக்டர் புதுசா பார்த்து எழுதுன சீட்டுங்க. நீங்க கேப்பீங்கன்னுதான் எடுத்தாந்தேன்."